தேக்சா மூடியும் நாலு சிங்கி இறாலும்

ஈஸ்டர் அன்று அமிர்தவள்ளி பிரியாணி தம்மைத் திறக்கும்போது மொத்தக் குடும்பமும் தேக்சா அண்டாவைச் சுற்றி நிற்கும். ஆம்பூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அவள் விடியலில் எழுந்துவிடுவாள்.

இன்று அடுப்படியில் ஈ, காக்கைகூட இல்லை. எல்லோரும் கூடத்தில், ஓரகத்தி ஹெலன் சென்னையிலிருந்து கொண்டுவந்த தெர்மாகோல் பெட்டியைச் சுற்றி நின்றார்கள். உள்ளே ஈரச் சாக்கில், உயிரோடு நாலு சிங்கி இறால். முதுகெல்லாம் முள். உடம்பைவிட நீளமான மீசை. தொட்டால் மீசையின் அடியிலிருந்து கரகரவென்று சத்தம். பிள்ளைகள் கத்திக்கொண்டே பின்வாங்கினார்கள்.

"இன்னாடி இது, நண்டு மாதிரி கொடுக்குகூட இல்ல. இதுக்கா இவ்ளோ கூட்டம்?" என்றாள் அமிர்தவள்ளி.

"சிங்கிக்குக் கொடுக்கு கெடையாதுக்கா. பாறை சந்துல மீசைய நீட்டிக்கினு இருக்கும். பயந்தா வால ஒரு அடி அடிச்சி பின்னாலயே பாயும்," என்றாள் ஹெலன். "வெண்ணெ, பூண்டு, மெளகு போதும். வால் கறி அப்படியே இனிக்கும். இப்பவே செஞ்சிடட்டா?"

"அண்ணி, உங்க பிரியாணிக்கு இன்னிக்கு லீவு!" என்றான் கொழுந்தன் ஜோசுவா. எல்லோரும் சிரித்தார்கள். அமிர்தவள்ளியும் சிரித்தாள். வயிறு எரிந்தது.

"இன்னா அவசரம்? சாயங்காலம் செய்யி. அதுவரைக்கும் நான் பத்திரமா வெக்கிறேன்."

பெட்டியைப் பின்பக்கம் தூக்கிப் போனாள். பக்கெட்டில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து இறால்களை விட்டாள். கடல் பிராணி, உப்பு வேண்டுமே! கணவன் தானியேலின் தோல் மண்டி பக்கத்திலேயே இருந்தது. பச்சைத் தோலில் தூவும் உப்பை முறத்தால் அள்ளி வந்து கொட்டினாள். தோலையே கெடாமல் வைக்கிற உப்பு, இதை வைக்காதா?

"தம் தெறக்கப் போறேன், வாங்க!"

வந்தார்கள். மேலே கிடந்த நெருப்புத் தணலைத் தள்ளி மூடியைத் தூக்கினாள். ஆவி குப்பென்று எழுந்தது. ஜோசுவா மூச்சை இழுத்து, ஏதோ சொல்ல வாயைத் திறந்தான்.

"அம்மா, சிங்கி அசைய மாட்டேங்குது!" பின்பக்கத்திலிருந்து ஹெலனின் மகள் அலறினாள்.

அத்தனை பேரும் ஓடினார்கள்.

"எவன்டா இதுல தோல் உப்பக் கொட்டனது?" தானியேலின் குரல் கேட்டது. "மருந்து கலந்த உப்பு. இனிமே வாயில வெக்க முடியாது!"

ஹெலன் அழுதாள். "அழாத ஹெலன், விடும்மா" என்று ஆளாளுக்கு அவளைத் தேற்றினார்கள். கொய்யா மரத்தடியில் புதைக்கலாம் என்று பிள்ளைகள் குதித்தார்கள்.

"அண்ணி, குழி தோண்ட மம்முட்டி எங்க இருக்குது?" பின்பக்கத்திலிருந்து ஜோசுவா கேட்டான்.

அமிர்தவள்ளி கையில் மூடியோடு தனியாக நின்றாள். செத்த பிறகும் கூட்டம் அதுங்க பக்கம்தான்.

"மண்டியில கதவு மூலையில பாரு," என்று கத்திவிட்டு, சூடு ஆறாமல் இருக்க மூடியைத் திரும்பப் போட்டாள்.