சைடு ஸ்டாண்டில் அளந்த ஆயில்

என் தங்கை புருஷன் இன்சூரன்ஸ் ஆபீசில் இருக்கிறார். ஊரில் யாருக்கு எப்போது விபத்து வரும் என்று கணக்குப் போடுகிற உத்தியோகம். தன் கையால் வரப்போவதை மட்டும் பாவம், கணிக்கத் தெரியாது.

நான் மெக்கானிக். மாடியில் நான், கீழே அவர்கள். போன மாதம் உறவுக்காரர்கள் நிறைந்த கூடத்தில், "மெக்கானிக் வேலையில என்ன இருக்கு மச்சான்? நாலு வீடியோ பார்த்தா நானே பண்ணிடுவேன்" என்றார். "அப்படியா மாப்பிள்ளை? இனிமே உங்க வண்டியில கை வெச்சா என் பேரை மாத்திக்கறேன்" என்றேன். அன்றோடு இரண்டு பேருக்கும் பேச்சு நின்றது.

சரியாக மூன்றாவது வாரம் அவர் வண்டியில் ஆயில் ஒழுக ஆரம்பித்தது. எனக்குச் சந்தோஷம் இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை டீ டம்ளரோடு மாடிச் சுவரில் சாய்ந்து வேடிக்கை பார்த்தேன். மாப்பிள்ளை புதுக் கையுறை, புது ஸ்பேனர் பெட்டி சகிதம் இறங்கியிருந்தார். சென்டர் ஸ்டாண்ட் துருவேறி அசைய மறுத்தது. இரண்டு உதை விட்டார். கால்தான் வீங்கியது. சரி போகட்டும் என்று சைடு ஸ்டாண்டில் சாய்ந்தபடியே ஆயில் குச்சியை உருவிப் பார்த்தார். சாய்ந்த வண்டியில் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், குச்சியில் குறைச்சலாகத்தான் காட்டும். ஆகவே ஊற்றினார். அளவுக்கு மிஞ்சியது இண்டு இடுக்கு வழியாக வெளியே வந்தது. ஒழுகுகிறதே, குறைந்திருக்குமே என்று மறுபடியும் ஊற்றினார். ஒரு வாரமாக இதே கூத்து.

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் என் பேரை என்ன என்று மாற்றிக்கொள்வது?

கையில் புத்தகத்தோடு தங்கை வெளியே வந்தாள். மறுநாள் காலை எட்டு மணிக்கு அவளுக்கு ஏதோ பரீட்சை. போகவேண்டிய இடம் இருபது கிலோமீட்டர். அந்தப் பக்கம் முதல் பஸ்ஸே எட்டரைக்குத்தான். என் வண்டியா? மெக்கானிக் வண்டி என்றைக்கு ஓடியிருக்கிறது! மூன்று மாதமாகப் பட்டறையில் பிரித்துக் கிடக்கிறது.

"என்னங்க, நாளைக்கு இது ஓடுமா ஓடாதா?"

"ஓடும். மேல நின்னு கண்ணு வைக்காம இருக்கச் சொல்லு உங்க அண்ணனை."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அண்ணா, தெரிஞ்சா சொல்லித் தொலையேன்."

"வண்டியை நிமிர்த்தி வெச்சுத்தான் ஆயில் அளக்கணும்னு உன் புருஷன்கிட்ட சொல்லும்மா."

"ஸ்டாண்டு அசையலைன்னா எப்படி நிமிர்த்தறதாம், கேளு."

"துருப்பிடிச்ச இடத்துல டீசல் விட்டு அரை மணி நேரம் ஊற விடணும். அப்புறம் சுத்தியலால மெல்லத் தட்டணும். எட்டி உதைக்க அது என்ன ஃபுட்பாலா, கேளு."

"எனக்கும் தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்ச லட்சணம்தான் தரையில ஓடுதுன்னு சொல்லு."

பத்தடி தூரத்தில் காது நன்றாகக் கேட்கிற இரண்டு தடியர்கள். நடுவில் அவள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கழுத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். திடீரென்று நிறுத்தினாள். புத்தகத்தைப் படியில் வைத்தாள்.

"தள்ளுங்க" என்று புருஷனை நகர்த்திவிட்டு, மாடிப்படி அடியில் நான் வைத்திருந்த டீசல் பாட்டிலை எடுத்தாள்.

டீசல் ஊறிய அரை மணி நேரமும் படியில் உட்கார்ந்து படித்தாள். பிறகு தட்டினாள். ஸ்டாண்ட் முனகிக்கொண்டே இறங்கியது. நிமிர்ந்து நின்ற வண்டியில் குச்சி உண்மையைச் சொன்னது. கோட்டுக்கு மேலே ஒரு விரற்கடை ஆயில்!

"அடுத்தது?" என்றாள், என்னைப் பார்த்து.

"அஞ்சு நிமிஷம் இன்ஜினை ஓட விடு. சூடானா ஆயில் இளகும். அடி போல்ட்டைக் கழட்டி முழுக்க வடிச்சுட்டு, திரும்ப மாட்டி ஒரு லிட்டர் மட்டும் அளந்து ஊத்து. போல்ட்டை இறுக்கறேன்னு பலத்தைக் காட்டாதே, மரை போயிடும். கை பத்திரம்."

முழங்கை வரை கறுப்பாகி எழுந்தாள். மாப்பிள்ளை டார்ச் பிடித்தார், பட்டப்பகலில்.

மறுநாள் ஆறரைக்கு வண்டியைத் தள்ளினாள். தரையில் ஒரு சொட்டு இல்லை.

"நான் கொண்டுவிடறேனே" என்றார் அவர்.

"வேணாங்க. வழியில நின்னா நானே பார்த்துக்குவேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வாசலில் இரண்டு பேரும் நின்றோம். வெற்றி வந்தால் பகை எங்கே நிற்கும்? மாப்பிள்ளையே வாயைத் திறந்தார். "டீசல் ஐடியா பிரமாதம் மச்சான்."

"நீங்க மட்டும் என்ன, டார்ச்சை அசையாமப் பிடிச்சீங்களே மாப்பிள்ளை."

நாங்கள் இல்லாவிட்டால் அவள் பரீட்சைக்குப் போயே இருக்கமுடியாது என்று இருவருமே ஒத்துக்கொண்டோம்.

குப்பை போட வந்த பக்கத்து வீட்டு அம்மா வண்டி போன திசையைப் பார்த்தாள். "தங்கச்சி காலங்காத்தால எங்கே கிளம்பிடுச்சு?"

"பரீட்சைக்கு" என்றோம், ஒரே குரலில், மார்பை நிமிர்த்தி.

"அப்படியா, நல்லா எழுதட்டும். என்ன பரீட்சை?"

நான் மாப்பிள்ளையைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நீங்க சொல்லுங்க மச்சான்" என்றார் அவர், மெதுவாக.