சமாதியைச் சுற்றி எழுப்பிய சுவர்

அன்று வந்தவர்கள்: மில்லில் சங்கம் நடத்தும் ராமுலு, நூற்புக் காளிச்சாமி, பஞ்சுக் கிடங்கு நஞ்சப்பன், நான். சாவியோடு நின்றவர் பொங்கியண்ணக் கவுண்டர், பாளையக்காரரின் வம்சம்.

1934, ஞாயிற்றுக்கிழமை. ராத்திரி ஷிப்டு முடிந்ததும் கோவையில் பஸ் ஏறி, தாராபுரம் தாண்டிச் சண்டை நடந்த மேட்டுக்குப் போனோம். கும்பினிப் பட்டாளத்தைப் பாளையக்காரர் மூன்று நாள் மறித்த இடம். இப்போது கம்பங்காடு. வெள்ளைக்காரனை விரட்டுவது பற்றி ராமுலு அங்கேயே பிரசங்கம் செய்தான். நஞ்சப்பன் கேட்கவில்லை. செவ்வரளி மாலை வாடாமலிருக்க ஈரத்துணி சுற்றிக்கொண்டிருந்தான்.

மேட்டின் ஓரத்திலிருந்த சமாதியில் இரண்டு மேடைகள். பெரியது பாளையக்காரருடையது. காலடியில் சின்னது, அவருக்கு விழுந்த வெட்டைத் தன் உடம்பில் வாங்கிச் செத்த பறைக்காரருடையது. அவர் நஞ்சப்பனின் பாட்டனுக்குப் பாட்டன். வருஷந்தோறும் அவன் வீட்டார் மாலை போடுவார்கள். போன வருஷம், ஆடுமாடு ஏறுகிறதென்று நாங்கள்தான் சுற்றிச் சுவர் எழுப்பினோம். அதிகம் கல் சுமந்தவன் நஞ்சப்பன். கதவும் போட்டு, சாவியை வம்சத்தாரிடமே கொடுத்தோம். அவ்வளவுதான் எங்கள் புத்தி. சுவர் எழுந்தபின் மாலை போட அவன் வருவது இதுவே முதல்முறை.

கவுண்டர் கதவைத் திறந்தார். "வாங்க, வாங்க. நஞ்சா, நீ அங்கயே நில்லு."

"ஏனுங்க, என்ற பாட்டன் உள்ளாறதானுங்க இருக்கறாரு."

"இருக்கட்டும். ஆரு இல்லீன்னா? அங்கிருந்தே கும்புட்டுக்க."

"இங்கிருந்தா செவுருதானுங்க தெரியுது. அதையும் நாந்தானுங்க கட்டிப்போட்டேன்."

காளிச்சாமி சிரித்துவிட்டான். கவுண்டர் சிரிக்கவில்லை.

காளிச்சாமியோடு உள்ளே போயிருந்த ராமுலு கை நீட்டினான். "மாலையைக் குடு நஞ்சப்பா, நான் போட்டுர்றேன். வந்த எடத்துல வம்பு வேண்டாம்."

"உங்க அப்பனுக்கு இன்னொருத்தன் மால போட்டா நீங்க வெளிய நிப்பீங்களா?"

ராமுலு கையை மடக்கிக்கொண்டான். நஞ்சப்பன் கவுண்டரின் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனான்.

கவுண்டர் நெருப்பு பட்டதுபோல் விலகினார். "மத்தவிங்க வெளிய வந்துருங்க. போலீசுக்கு ஆளனுப்பறேன். கூட நிக்கறவன் பேரும் மில்லு மொதலாளிக்குப் போவும்."

ராமுலு வந்தான். காளிச்சாமி வந்தான். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஓர் எட்டு வைத்தால் உள்ளே. மில்லில் பெயரை வெட்டி, கேட்டோடு துரத்துவதை நினைத்தேன். வெளியே இறங்கினேன்.

நஞ்சப்பன் திரும்பிப் பார்க்கவேயில்லை. சின்ன மேடையின் முன் குந்தி, ஈரத்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் கவுண்டர் கதவை அறைந்து சாத்திப் பூட்டினார்.