சாட்சிக் கூண்டில் ஒரு சனிக்கிழமை

வழக்கறிஞர் சங்கத்தின் மாதாந்திரப் பயிற்சி வகுப்புக்கு ஆள் சேர்ப்பது சங்கச் செயலாளரின் வேலை. அந்த ஆண்டு அந்தப் பொறுப்புக்கு வந்தவள் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண் வக்கீல். உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டுமானால் வகுப்பில் உட்கார்ந்தே ஆக வேண்டும் என்று விதி இருந்ததால் எல்லோரும் வருவார்கள். கையெழுத்துப் போடுவார்கள். பேச்சாளர் தாளைப் பார்த்து வாசிக்க வாசிக்கப் பின்வரிசை தூங்கும். டீ வந்ததும் விழித்துக்கொள்ளும். சங்கத் தலைவருக்கு இதில் ஒரு குறையும் தெரியவில்லை. தலைவர் அவளுடைய கூடப்பிறந்த அண்ணன்.

அண்ணனுக்கு நீதிமன்றத்தில் 'கிடுக்கி' என்று பட்டப்பெயர். குறுக்கு விசாரணையில் அவர் பிடித்தால் சாட்சி நழுவ முடியாது. அந்தப் பெயரைக் கேட்டால் கோபித்துக்கொள்வார், ஆனால் உள்ளூரக் குளிர்ந்துபோவார்.

அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில், மாடியிலும் கீழுமாகக் குடியிருந்தார்கள், அலுவலகம் தனித்தனி. சில வழக்குகளில் எதிரெதிரே நிற்க வேண்டி வரும். அப்போது வந்திருந்தது ஒரு விபத்து வழக்கு. வேன் மோதிக் கால் ஒடிந்த சைக்கிள்காரருக்கு அவள் வக்கீல்; வேன் முதலாளிக்கு அண்ணன். நேரில் பார்த்த ஒரே சாட்சி எதிர்க்கடையில் தையல் வேலை செய்யும் பெண்.

"அந்த நேரத்துல நீங்க ஊசியைப் பார்த்துட்டு இருந்தீங்களா, ரோட்டைப் பார்த்துட்டு இருந்தீங்களா?" என்று அண்ணன் ஆரம்பித்தார். தையல்காரி பதில் சொன்னாள். அதையே திருப்பிப் போட்டுக் கேட்டார். பிறகு வேறொரு கேள்விக்குப் போய்விட்டு, சுற்றிக்கொண்டு மறுபடி ஊசிக்கே வந்தார். காலையிலிருந்து நின்றிருந்த தையல்காரி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கு எதுவுமே தெரியாதுங்க. என்னை விட்டுடுங்க" என்று சொல்லிக் கீழே இறங்கி, யாரும் தடுப்பதற்குள் வெளியே போய்விட்டாள். நீதிபதி வழக்கைத் தள்ளிவைத்தார்.

அன்றிரவு சாப்பாட்டு மேசையில் தங்கை பேச்செடுத்தாள். "இந்த மாச வகுப்புக்குப் பேச்சாளர் வேண்டாம்ணா. நம்மளே ஒருத்தர் மாத்தி ஒருத்தர் கூண்டுல நிக்கலாம். மத்தவங்க கேள்வி கேக்கட்டும்."

"பொய் சொல்றவங்களுக்குத்தான் கூண்டுல கால் நடுங்கும். எனக்குக் குறுக்கு விசாரணை சொல்லித் தரப் போறியா?"

"சொல்லித் தரலை. நின்னு பாருங்கன்னு சொல்றேன்."

"சங்கக் கூடத்துல இந்தக் கூத்தெல்லாம் நடக்காது. சாவி என்கிட்ட இருக்கு."

மருந்துக்கடை நடத்தும் அண்ணி பாத்திரத்தை நகர்த்தினாள். "ரெண்டு பேரும் வாதத்தை முடிச்சீங்கன்னா சாதம் போடுவேன்."

தங்கை விடுவதாக இல்லை. மறுநாள் விபத்து வழக்கை விசாரிக்கும் நீதிபதியின் அறைக்குப் போனாள். ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருடம் பாக்கி இருந்த அந்த மனிதர் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

"எந்த வழக்கைப் பத்தியும் பேச வரலைங்க ஐயா. சனிக்கிழமை மதியம் வகுப்பு நடத்த உங்க கோர்ட் ஹால் வேணும்" என்று முதலிலேயே சொல்லிவிட்டு விஷயத்தை விளக்கினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு நிக்கப் போறாங்க?"

"இதுவரைக்கும் யாரும் ஒத்துக்கலைங்க."

"ஒத்துக்க மாட்டாங்க. மானப் பிரச்சினை." சிறிது யோசித்தார். "நான் நிக்கறேன். ஆனா கேள்வியை உங்க தலைவர்தான் கேக்கணும். ஏனோதானோன்னு யாராவது கேட்டா எனக்கு என்ன புரியப் போகுது? என் நாற்காலியில நீங்க உக்காருங்க."

நீதிபதியே நிற்கிறார் என்று தெரிந்ததும் அண்ணனால் மறுக்க முடியவில்லை. மென்று விழுங்கிக்கொண்டு, "அளவாக் கேட்டுட்டு விட்டுடறேன்" என்றார்.

சனிக்கிழமை கோர்ட் ஹாலில் உட்கார இடமில்லை. பின்வரிசைக்காரர்கள் முன்வரிசைக்கு அடித்துக்கொண்டார்கள். பக்கத்து நீதிமன்றங்களிலிருந்து நீதிபதிகள்கூட வந்து சுவரோரம் நின்றார்கள். நீதிபதியின் உயரமான நாற்காலியில் அவள் ஏறி உட்கார்ந்தாள். கூண்டுக்குள் நீதிபதி, கறுப்பு அங்கி இல்லாமல், வெறும் சட்டையில் நின்றார்.

விசாரணைக்கு எடுத்துக்கொண்ட விஷயம் ஒன்றும் பெரிதில்லை. முந்தின நாள் காலையில் அவர் வீட்டைவிட்டுக் கிளம்பி நீதிமன்றம் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான்.

அண்ணன் பவ்யமாகத்தான் தொடங்கினார். "வீட்டுக் கேட்டைச் சாத்தினது யாருங்க ஐயா?"

"நான்தான்."

"சாத்திட்டுக் கார்ல ஏறினீங்க. அப்போ கையில பை இருந்துச்சா?"

"இருந்துச்சு. இன்னொரு கையில குடை."

"ரெண்டு கையிலயும் சாமான். அப்புறம் கேட்டை எந்தக் கையால சாத்தினீங்க?"

நீதிபதி தன் இரண்டு கைகளையும் பார்த்தார். "டிரைவர் சாத்தியிருக்கலாம்."

"சாத்தியிருக்கலாமா, சாத்தினாரா? அப்படின்னா முதல்ல சொன்னது பொய்யா?"

பழக்கம் அண்ணனை இழுத்துக்கொண்டு போயிற்று. பவ்யம் எங்கோ கழன்று விழுந்தது. குடை எதற்கு, மழை பெய்ததா, பெய்யாவிட்டால் குடை இருந்தது நிச்சயமா என்று போய், மறுபடி கேட்டுக்கே வந்தார். நீதிபதியின் கழுத்தில் வேர்த்தது. ஒரு காலிலிருந்து மற்றக் காலுக்கு மாறினார். தண்ணீர் கேட்டார், குடித்த டம்ளரை வைக்க இடம் தேடிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

"கேட்டைச் சாத்தினது யாரு? மறுபடி கேக்கறேன்..."

"அந்தக் கேள்விக்குப் பதில் வந்தாச்சு" என்றாள் அவள் மேலேயிருந்து. "அடுத்த கேள்வி."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். வீட்டில் பார்க்கும் பார்வை அது. அவள் பார்வையைத் திருப்பவில்லை.

"கோர்ட் சொன்னாச் சரி" என்றார் கடைசியில், பல்லைக் கடித்துக்கொண்டு. "வேற கேள்வி இல்லை."

நீதிபதி உடனே இறங்கவில்லை. "நான் ஒரு பொய்யும் சொல்லலை" என்றார், எதிரே இருந்தவர்களைப் பார்த்து. "ஆனா கேக்கக் கேக்க, பொய்தான் சொல்றோமோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிடுச்சு. இத்தனை வருஷம் மேல இருந்து பார்த்துட்டு, தடுமாறினவங்களை எல்லாம் எதையோ மறைக்கறாங்கன்னு நினைச்சிருக்கேன்." கூண்டிலிருந்து இறங்கினார். அன்று டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் எல்லாக் கூண்டிலும் நாற்காலி போடச் சொல்லி உத்தரவு வந்தது. அண்ணன் மட்டும் நாலைந்து நாள் கீழே இறங்கிச் சாப்பிட வரவில்லை. அண்ணிதான் தட்டை மாடிக்கு எடுத்துப்போனாள். "உங்க அண்ணன் இப்போ என்கிட்டயும் ஒரு கேள்வியை ஒரு தரம்தான் கேக்கறார். நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

விபத்து வழக்கு மறுபடி வந்தது. தையல்காரி உட்கார்ந்து சாட்சி சொன்னாள். அண்ணன் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். நிதானமாக யோசித்த அவள், வேன் வேகமாகத்தான் வந்தது என்றாள். பிறகு யாரும் தூண்டாமலே, "சைக்கிள்லயும் விளக்கு இல்லைங்க. இருட்டிடுச்சு. நானே சத்தம் கேட்டுத்தான் சைக்கிளைப் பார்த்தேன்" என்றாள்.

அது தங்கையின் கட்சிக்கு விழுந்த அடி. இழப்பீடு கிடைத்தது, ஆனால் சைக்கிள்காரரிடமும் ஒரு பங்கு தவறு இருக்கிறது என்று குறைத்துத்தான் கிடைத்தது. அவள் அவரை உட்காரவைத்து, தீர்ப்பை வரிவரியாக விளக்கினாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "விளக்கு இல்லாதது நிஜம்தானேம்மா" என்று சொல்லி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். அவர் போன பிறகு அவளுக்கு வேலை ஓடவில்லை.

வராந்தாவில் அண்ணன் எதிர்ப்பட்டார். "நல்லா வகுப்பு நடத்தினே. லாபம் எனக்கு."

"யாருக்கு லாபம்னு பார்த்து நடத்தலைண்ணா."

அவர் கொஞ்ச தூரம் கூடவே நடந்தார். "அடுத்தது என்ன?" என்று கேட்டார்.

"தீர்ப்பு எழுதறது. சாதாரண ஜனங்களுக்குப் புரியற மாதிரி எப்படி எழுதறதுன்னு. நீதிபதிங்க அவங்கவங்க எழுதின தீர்ப்பைக் கொண்டுவந்து சத்தமா வாசிக்கணும். இன்னைக்கே ஐயாவைப் பார்க்கப் போறேன்."

"அவர் ஒத்துக்க மாட்டார்."

"ஒத்துக்கற வரைக்கும் போவேன்."

படியேறும் இடம் வந்தது. அவள் கறுப்புக் கோட்டைச் சரிசெய்துகொண்டு நீதிபதியின் அறையை நோக்கி நடந்தாள்.