தட்டைக் காலி செய்த முசியே

செங்கோடனுக்குச் சாப்பாட்டு மேசைக்கு வேண்டிய பிரெஞ்சு மட்டும் நன்றாகத் தெரியும். புதுச்சேரி ஓட்டலொன்றில் பரிமாறிக்கொண்டிருந்தவன், வெள்ளைக்காரர்கள் கப்பலேறி ஓட்டலும் மூடியபின் மலைமேலுள்ள தன் ஊரான அரியூர் நாட்டுக்கே திரும்பி மரவள்ளிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தான். காற்றில்லாத நாளில் அவன், "போன் அப்பெத்தி, நல்லாப் பசியாறுங்க" என்று சொன்னால் செடிகள் தலையாட்டும்.

அப்போதுதான் மிளகு பார்க்க ஒரு முசியே, அதாவது பிரெஞ்சுத் துரை, மலையேறி வருவதாகச் சேதி வந்தது. புதுச்சேரியிலேயே தங்கிவிட்டவர், அங்கே தன் பங்களாவில் பரிமாற ஆள் தேடுகிறாராம். ஒரு வேளைச் சோற்றை முறையாகப் போட்டுவிட்டால் அவரோடேயே இறங்கிவிடலாம். செங்கோடன் முள்ளுக்குறிச்சிக் கொல்லனிடம் கத்தியும் முள்கரண்டியும் அடிக்கச் சொன்னான். முள்கரண்டி வைக்கோல் வாரும் அளவில் வந்தது.

பிறகு மனைவி மயிலம்மாளுக்குப் பாடம்.

"வந்ததும் 'போன்ழூர் முசியே'னு கும்புடோணும். ஒரு பண்டம் தின்னு முடிஞ்சாத்தான் அடுத்தது வெக்கோணும். கத்தியும் கரண்டியும் தட்டுல ஒட்டிப் படுத்துக்கிச்சுனா போதும்னு அர்த்தம்."

"ஏனுங்க, மனுசன் வாயத் தொறந்து சொல்லமாட்டான், இரும்பு சொல்லுமாக்கும்?"

"அங்கத்த மொற அது புள்ள."

"இங்கத்த மொற மறந்துபோச்சா? விருந்தாளி தட்டு காலியானா ஊட்டுக்காரிக்குத்தான் கேவலம்."

முசியே வந்தார். மணிக்கட்டு இரண்டையும் மேசை விளிம்பில் வைத்து, கிழங்கு ரசத்தைச் சத்தமில்லாமல் குடித்தார். சாமைச்சோற்றையும் கோழிக்குழம்பையும் கடைசிப் பருக்கைவரை வழித்தார். மிச்சம் வைத்தால் சமைத்தவளை அவமதித்ததாகும் என்பது அவர்கள் சட்டம். கத்தியையும் கரண்டியையும் ஒட்டிப் படுக்கவைத்தார்.

மயிலம்மாள் அவற்றின் மேலேயே ஓர் அகப்பைச் சோற்றைக் கவிழ்த்தாள்.

முசியே கரண்டியைத் தோண்டி எடுத்து மறுபடி வழித்தார். அவள் மறுபடி கவிழ்த்தாள்.

விருந்தாளிக்குச் சாப்பிடும் முறை சொல்லக்கூடாது என்பது ஓட்டல் விதி. போடுகிற கையைத் தடுத்தால் மலையில் தலைமுறைக்கும் பேச்சு நிற்காது. இரண்டு மரியாதையும் தெரிந்த ஒரே ஆள், முழங்கையில் வெள்ளைத் துண்டோடு நின்றான்.

பானை காலியானது. பக்கத்து ஊர்ப் பானைகள் வந்தன. தேவனூர் நாட்டிலிருந்து ஒரு பானை ஆள் இல்லாமலே உருண்டு வந்தது. முசியேயின் சட்டைப் பித்தான் தெறித்து ஒரு சேவலைச் சாய்த்தது. அதையும் குழம்பாக்கிப் போட்டார்கள்.

"செ தெலிசியே," என்றார் முசியே, கண்ணில் நீரோடு.

"என்னங்க சொல்றாரு?"

'போதும்' என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். விருந்தாளியின் சொல்லைப் பரிமாறுகிறவன் மாற்றுவதா?

"ருசியா இருக்குதாம்," என்றான் செங்கோடன்.

"பாவம், என்ன பசியோ! சாப்புடு சாமி," என்று அவள் அகப்பையை எடுத்தாள்.

நடந்து ஏறியவரை டோலியில் இறக்க வேண்டியதாயிற்று. ஆள் போதாமல் செங்கோடனும் தோள் கொடுத்தான். ஆக, ஆசைப்பட்டபடியே முசியேயோடு மலையிறங்கினான். அடிவாரத்தில் அவரைக் காரில் ஏற்றிவிட்டு, "ஓ ருவார், மறுபடி பார்க்கலாம்" என்றான். முசியே அவன் துண்டைப் பார்த்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கார் போய்விட்டது.

அவன் மலையேறித் திரும்பியபோது ஊரில் எந்தப் பானையிலும் சோறில்லை.

"வேல என்னாச்சுங்க?" என்றாள் மயிலம்மாள்.

செங்கோடன் காலித் தட்டின் முன் உட்கார்ந்து, கத்தியையும் கரண்டியையும் ஒட்டிப் படுக்கவைத்தான். இந்தத் தடவை அவளுக்குப் புரிந்தது. கவிழ்ப்பதற்கும் ஒன்றுமில்லை.