தங்கைக்குக் கிடைத்த நேரம்

அன்று முன்னறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: ஓய்வுபெற்ற பள்ளி ஆய்வாளரான அண்ணன், அவர் மனைவி, தம்பி, தங்கை, தங்கைக்குப் பாராட்டுச் சான்றிதழ் கொண்டுவந்து, நூலக மலருக்கு நாலு வரி எழுதிக்கொள்ள உட்கார்ந்த நூலகர் அம்மா.

ஒரே வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு புத்தகங்கள். நூலகத்தில் வேறு யாரும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. அண்ணன் சலவைச் சட்டை போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தங்கை புருஷன் வீட்டிலிருந்து மூன்றே மாதத்தில் பெட்டியோடு திரும்பிய நாள் முதல், இந்தக் குடும்பத்தைப் பற்றி வெளியார் நல்லதாக ஒரு வார்த்தை எழுதப் போவது இதுதான் முதல் தடவை. அது கெட்டுவிடக் கூடாது.

வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒழுங்கு உண்டு, அதனால் நேரம் கிடைக்கிறது என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். நூலகர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினார். தனக்கு மாதம் ஒரு புத்தகம் முடிப்பதற்குள் தலைகீழாக நிற்க வேண்டியிருக்கிறதாம்.

"நீங்க சொல்லுங்கம்மா, எப்படித்தான் நேரம் கிடைக்குது?"

தங்கைக்குக் குரல் எழும்பச் சற்று நேரம் பிடித்தது. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

"இந்த வீட்டுல யாரும் எங்கிட்ட பேசமாட்டாங்க. அஞ்சு வருஷமாச்சு. பேச்சே இல்லேன்னா ஒரு நாள் ரொம்ப நீளம்."

குறையாகச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். நூலகரின் பேனா நின்றது. தம்பி மின்விசிறியைப் பார்த்தான்.

அண்ணனுக்கு முகம் செத்துப்போயிற்று. சாப்பாடு உண்டு, படுக்க இடம் உண்டு, பேச்சு மட்டும் கிடையாது என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்தான். அடிக்கவில்லை, துரத்தவில்லை, கௌரவமான தண்டனை என்றே இன்றும் நினைத்தார். அந்தச் சேதி இதுவரை வாசலைத் தாண்டியதில்லை.

அவர் சிரித்தார். ஐந்து வருடத்தில் முதல் தடவையாகத் தங்கையின் முகத்தைப் பார்த்து, "உனக்கு எப்பவும் விளையாட்டுத்தாம்மா" என்றார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பேசியதை மன்னிப்பு என்று எடுத்துக்கொண்டாள் என்பது அவருக்குப் புரிந்தது. திருத்தவில்லை. நூலகர் நிம்மதியாக, ஒழுங்கு என்றே எழுதிக்கொண்டு போனார்.

கதவைச் சாத்தியதும் அண்ணன் முறை வைத்தார். காலையில் அண்ணி, மதியம் தம்பி, மாலையில் அவர். அவள் புத்தகத்தைத் திறந்தால் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பேச வேண்டும். என்ன பேசுவது என்று தம்பி விழித்தான்.

"அவ புருஷனைப் பத்திப் பேசுடா. விஷயத்துக்கா பஞ்சம்?"

பேசினார்கள். ஏன் மூன்றே மாதம், அவன் இப்போது யாரோடு இருக்கிறான், அந்தப் பெண் எவ்வளவு லட்சணம். ஒரு நாள்கூட முறை தவறவில்லை. பன்னிரண்டாம் நாள், பழையபடியே இருந்துவிடலாமா என்று அவள் கேட்டாள். பேசாத குடும்பம் என்ற பெயர் இனி நமக்கு வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார்.

அவள் புத்தகங்களை அண்ணன் எரித்துவிட்டார் என்று தெருவில் ஒரு பேச்சு இருக்கிறது. அது பொய். அந்த வீட்டில் எந்தப் புத்தகத்தின் மேலும் யாரும் கை வைத்ததில்லை. கடைசியாக எடுத்த நான்கையும், கெடு முடிவதற்குள், அவளே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்.