மீதி மூன்று மாத்திரைகள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. என்னிடம் பிழை திருத்தக் கொடுக்கப்பட்ட ஒரு கடிதத்திலிருந்து வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் வேறு பலவற்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நூலகத்து மாடியில் ஒரு சனிக்கிழமை மாலை விவாதக் கூட்டம். போதைப்பொருளைச் சட்டபூர்வமாக்குவதா, காவலையும் கல்வியையும் பலப்படுத்துவதா என்பது தலைப்பு. நான் நடுவர். நான்கு புத்தகம் எழுதியவனை எந்தத் தலைப்புக்கும் நடுவராகப் போடலாம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நானும் அதைக் கெடுத்ததில்லை.

தடை கடையை மூடுவதில்லை, கடைக்காரரை மட்டும்தான் மாற்றுகிறது என்றார் வழக்கறிஞர். சட்டம் அனுமதித்தால் டப்பாவுக்குள் என்ன இருக்கிறது என்று மேலே அச்சடித்தாக வேண்டும், குறைந்தபட்சம் தெரிந்து சாகலாம் என்று அவர் சொன்னபோது சிலர் சிரித்தார்கள். ஓய்வுபெற்ற காவல் அதிகாரி சிரிக்கவில்லை. அச்சடித்து விற்கிற மதுவால் எத்தனை வீடு பாழாயிற்று என்று எண்ணிப் பாருங்கள், சுலபமாகக் கிடைத்தால் இன்றைக்குத் தொடாதவனும் நாளைக்குத் தொடுவான் என்றார். தலைமையாசிரியை இரண்டு பேரையுமே கண்டித்தார். நீங்கள் வருவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது, பதின்மூன்று வயதிலேயே உட்காரவைத்துச் சொன்னால் உங்கள் இருவருக்கும் வேலையே இருக்காது என்றார்.

மூன்றிலும் நியாயம் இருக்கிறது, மூன்றையும் அளவோடு கலக்க வேண்டும் என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.* பலத்த கைதட்டல்.

(* 'அளவோடு' என்ற சொல் எனக்குக் கைகொடுக்காத மேடை கிடையாது. எதை எவ்வளவு என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.)

படிக்கட்டில் ஒரு பெண் எனக்காகக் காத்திருந்தார். கையில் ஒரு பழுப்பு உறை.

2

அவர் அரசுப் பரிசோதனைக் கூடத்தில் வேதியியலாளர். காவல்துறை பிடிக்கிற பொடி, மாத்திரை, புட்டி எல்லாம் அரக்கு முத்திரையோடு அவர் மேசைக்கு வரும். உள்ளே இருப்பது என்ன, எவ்வளவு என்று கண்டுபிடித்து, மறுபடி உறையிலிட்டு முத்திரை வைத்து நீதிமன்றத்துக்கு அனுப்புவது அவர் வேலை. பதினான்கு வருடமாகச் செய்கிறார். வீட்டில் அவரும் தம்பியும் மட்டும். தம்பி லிஃப்ட் மெக்கானிக். வேலையில் முதுகு பிடித்துக்கொண்டதற்கு வலி மாத்திரை எடுக்கத் தொடங்கி, வலி போன பிறகும் மாத்திரையை விடாதவன்.

[இந்த இடத்தில் அவருடைய தோற்றத்தை வர்ணித்து ஒரு பத்தி எழுதியிருந்தேன். அவர் கண்களில் தெரிந்த சோர்வு என்று ஆரம்பித்தது. அடித்துவிட்டேன். அவர் சோர்வாகவே இல்லை. என் பதிலுக்கு அவசரப்பட்டார், அவ்வளவுதான்.]

நான்கு மாதத்துக்கு முன் ஒரு முத்திரை உறைக்குள் மஞ்சள் மாத்திரைகள் வந்தன. நடுவில் ஒரு கோடு. தெருவில் விற்கிற வலி மாத்திரை போலவே இருந்தன, ஆனால் உள்ளே இருந்தது வேறு சரக்கு. ஒருவர் சாக ஒன்றே போதும். மேலதிகாரியிடம் போய், இதை மக்களுக்கு அறிவிக்க வேண்டாமா என்று கேட்டிருக்கிறார். மேலதிகாரி கெட்டவர் இல்லை. "நம்ம வேலை கோர்ட்டுக்குச் சொல்றதும்மா. ஊருக்குச் சொல்றது இல்ல" என்றாராம்.

அன்று மாலை அவர் ஊரில் ஒரே ஒருவரிடம் சொன்னார். "மஞ்சள்ல கோடு போட்டது வந்தா நீ தொடாதே" என்று தம்பியிடம் சொன்னார். தம்பியிடம் அப்போது அப்படி ஆறு இருந்தன. அவன் தொடவில்லை. தன்னோடு வேலை செய்கிற, அண்ணன் என்று அவன் கூப்பிடுகிற ஒருவரிடம் ஆறையும் கொடுத்துவிட்டு, பதிலுக்கு வெள்ளை மாத்திரைகள் வாங்கிக்கொண்டான். அந்த அண்ணனுக்கும் முதுகு வலி உண்டு. அவர் அவற்றைச் சட்டென்று தொடவில்லை. மூன்று வாரம் முன்பு ஒரு மதியம், ஒன்பதாவது மாடியில், லிஃப்டின் கூரைமேல் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்.

3

இந்தத் தம்பியை நான் நம்பவில்லை. மூன்று முறை அடித்து எழுதினேன். அக்கா ஆபத்து என்று சொன்ன பொருளை ஒருவன் கூடப் பழகியவனுக்குக் கொடுப்பானா? கொடுத்தால் அவன் வில்லன். வில்லனென்றால் கதை சுலபம், காவல் அதிகாரியின் கட்சி ஜெயித்துவிடும்.

இதைப் படிக்கட்டிலேயே அவரிடம் கேட்டேன். நானும் அவன்கிட்ட அதைத்தான் கேட்டேன் சார் என்றார். அவன் சொன்ன பதிலை அப்படியே சொன்னார்: "பத்து வருஷமா எதைப் பார்த்தாலும் தொட்டா செத்துடுவேன்னு சொன்னே. நானும் தொட்டேன், சாகல. இந்தத் தடவ மட்டும் நிஜம்னு எனக்கு எப்படிக்கா தெரியும்?"

பாதி நம்பியிருக்கிறான். நம்பிய பாதி தான் எடுக்காமல் காத்தது, நம்பாத பாதி இன்னொருவருக்குக் கொடுத்தது. தலைமையாசிரியை இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்தேன். தெரியவில்லை. எனக்கு அந்தத் தம்பிமேல் கோபம் வந்தது, கூடவே அவனைப் புரிந்தும் தொலைத்தது.

4

இறந்தவரின் ரத்தமும், அவர் பையிலிருந்து எடுத்த இரண்டு மாத்திரைகளும் முத்திரையோடு இந்த அக்காவின் மேசைக்கே வந்தன. உறைமேல் எண் மட்டும்தான் இருக்கும். படிவத்தில் தொழில் என்ற இடத்தில் லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதியிருந்தது. தெரிந்தவர் சம்பந்தப்பட்டிருந்தால் ஒதுங்கியிருக்க வேண்டும் என்பது விதி. ஒதுங்காமல் தானே பரிசோதித்து, உள்ளதை உள்ளபடி எழுதி அனுப்பினார். அந்த அறிக்கை எந்தக் கோப்புக் கட்டுக்குள் கிடக்கிறதோ, குடும்பத்துக்கு இதுவரை மாரடைப்பு என்றுதான் தெரியும்.

எத்தனை கொடுத்தான் என்று தம்பியிடம் கேட்க அவருக்கு இத்தனை நாள் தைரியம் வரவில்லை. கூட்டத்துக்கு முந்தைய நாள்தான் கேட்டார். ஆறு என்றான். உள்ளே போனது ஒன்று. பையில் இருந்தது இரண்டு. மீதி மூன்று இறந்தவரின் வீட்டில்தான் எங்கேயோ இருக்க வேண்டும். அங்கே அவருடைய மனைவி இருக்கிறார். அவருக்கு எப்போது வேண்டுமானாலும் தலை வலிக்கலாம்.

போலீஸில் சொல்லலாமே என்றேன். "சொன்னா முதல்ல என் தம்பியைத்தான் கூட்டிட்டுப் போவாங்க சார். வித்தாலும் ஒண்ணுதான், சும்மா கொடுத்தாலும் ஒண்ணுதான். பத்து வருஷம் ஜெயில்" என்றார். பிறகு உறையை நீட்டினார். தம்பி பக்கம் யாரும் திரும்பாதபடி, அந்தப் பெண்ணுக்கு விஷயம் மட்டும் போய்ச் சேருகிறபடி எழுதித் தர வேண்டும். அவருக்கு அறிக்கைதான் எழுத வருமாம், கடிதம் வராதாம்.

உள்ளே இருந்தது இது:

"தங்கள் இல்லத்தில் மஞ்சள் நிற மாத்திரைகள் மூன்று இருக்கக்கூடும் எனக் கருதப்படுகிறது. அவற்றை உட்கொள்ளுதல் தவிர்க்கப்பட வேண்டும். மேலும் உத்தரவு வரும்வரை பத்திரமாக வைக்கப்பட வேண்டும்."

கடைசி வரியைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை. அவர்கள் தொழிலில் மாதிரியை யாரும் தூக்கிப் போட மாட்டார்கள். அழிக்க நீதிமன்ற உத்தரவு வேண்டும். பதினான்கு வருடப் பழக்கம். தம்பியிடமும் தொடாதே என்றுதான் சொன்னார். கழிவறையில் கொட்டித் தண்ணீர் ஊற்று என்று சொல்ல அவர் வாய்க்கு வரவே இல்லை. அந்த ஒரு வாக்கியம் வந்திருந்தால் இந்தக் கதைக்கு வேலையில்லை.

5

கடிதத்தின் தொடக்கங்கள், நான் எழுதியவை:

அ) சகோதரி, என்னை உங்களுக்குத் தெரியாது. உங்கள் கணவரின் மரணம் குறித்து —

(மரணத்தைப் பற்றி மொட்டைக் கடிதம் வந்தால் நேரே போலீஸுக்குத்தான் எடுத்துப் போவார்.)

ஆ) அன்புடையீர், வீட்டில் கிடக்கும் பழைய மாத்திரைகளால் வரும் ஆபத்துகள் பற்றி ஒரு நலம்விரும்பி —

(இதை யாரும் இரண்டாம் வரிக்கு மேல் படிக்க மாட்டார்கள். நானே படிக்கவில்லை.)

இ) உங்கள் கணவர் நல்லவர். அவர் செய்த ஒரே தவறு —

(இப்படி எழுத நான் யார்?)

இதற்குள் கடிதம் கதையாகிவிட்டது. வழக்கறிஞரின் வாதத்தை எங்கே வைக்கலாம், காவல் அதிகாரியைக் கொஞ்சம் கனிவானவராகக் காட்டலாமா என்று யோசித்தேன். மூன்று தரப்புக்கும் சமமாக இடம் கொடுக்க வேண்டும் என்று பத்திகளை எண்ணினேன். கையெழுத்துப் படி நன்றாக வந்துகொண்டிருந்தது. சந்தோஷமாகவே இருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அவர் இரண்டு முறை போன் செய்தார். முதல் முறை, ஆயிற்றா என்று மட்டும் கேட்டார். இரண்டாவது முறை நேற்று. நான் இன்னும் ஒரே ஒரு வரிதான் பாக்கி என்று மழுப்பினேன். அவரும் வற்புறுத்தவில்லை. தம்பி இப்போது கொஞ்சம் தெளிந்திருக்கிறான், முந்தின நாள் முகம் கழுவி, சட்டை மாற்றி, வெளியே போய்விட்டு வந்தான் என்று நிம்மதியாகச் சொன்னார். நானும் நல்லது என்றேன்.

போனை வைத்தபின் நாட்களை எண்ணினேன். பத்து. தலை வலிக்காத வீடு எத்தனை நாளைக்கு இருக்கும்?

6

இன்று மதியம் நேரில் போனேன். இறந்தவரின் மனைவி ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறார். சாவி நகல், புகைப்பட நகல், லேமினேஷன். போவதற்குக் காரணமாக என் பழைய சான்றிதழ் ஒன்றைக் கொண்டுபோனேன். அவர் அதை இரண்டு பிளாஸ்டிக் தாள்களுக்கு நடுவில் வைத்து, ஓரம் சமமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு எந்திரத்துக்குள் விட்டார். நிதானமான கை.

அது மறுபக்கம் வருவதற்குள் பொய் சொல்லிவிட்டேன். வீடுகளில் கிடக்கிற பழைய மருந்துகளைத் திரும்ப வாங்கி அழிக்கிற ஒரு சங்கத்தில் இருக்கிறேன், உங்களிடம் ஏதாவது இருக்கிறதா என்றேன். சங்கத்துக்கு அந்த இடத்திலேயே ஒரு பெயரும் வைத்தேன். பதினோரு நாளாக என்னால் எழுத முடியாதது அரை நிமிடத்தில் முடிந்தது.

அவருக்குச் சந்தேகமே வரவில்லை. கொஞ்சம் யோசித்தார்.

"இருந்துச்சு சார். அவர் டூல்ஸ் பெட்டியில மஞ்சளா மூணு மாத்திரை. அவர்கூட வேலை பார்த்த தம்பி முந்தாநாள் வந்துது. அது என் முதுகு வலி மாத்திரைதான் அண்ணி, அண்ணன்கிட்ட கொடுத்து வெச்சிருந்தேன்னு சொல்லிச்சு. எடுத்துக் கொடுத்தேன்."

அவர் சான்றிதழின் ஓரத்தைக் கத்தரித்துக்கொண்டே பேசினார்.

"பாவம், கைல வாங்கிட்டு ரொம்ப நேரம் அழுதுது. வலி தேவலையான்னு நேத்து போன் பண்ணேன், எடுக்கல. நீங்க ஏன் சார் ஒரு மாதிரி ஆயிட்டீங்க?"

முந்தாநாள் திங்கட்கிழமை. அன்றைக்குத்தான் நான் பத்திகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

7

இதை டாக்ஸியில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. அந்த அக்காவுக்கு நான்கு முறை போன் செய்துவிட்டேன். பரிசோதனைக் கூடத்துக்குள் போன் அனுமதி இல்லை, வாசலில் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டுமாம். கூடத்தின் அலுவலக எண்ணில் ஒருவர் எடுத்து, வெளியாட்கள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் என்றார். நான் கத்தினேன். என் ஆயுளில் முதல் முறையாக இருக்கும். வைத்துவிட்டார். அவர்கள் வீட்டு முகவரி பழுப்பு உறையின் பின்னால் இருக்கிறது.

சாலை நெரிசலில் என் புத்தி தன் வேலையைக் காட்டுகிறது. முடிவுகளைப் போட்டுப் பார்க்கிறது.

[முடிவு ஒன்று: அந்தப் பெண்ணைக் காப்பாற்றத்தான் வாங்கினான். போகிற வழியிலேயே சாக்கடையில் போட்டான். அழுதது அதனால்தான்.]

[முடிவு இரண்டு: சிறைக்குப் பயந்து தடயத்தை எடுத்துக்கொண்டான். எங்கேயாவது ஒளித்து வைத்திருக்கிறான்.]

[முடிவு மூன்று: அக்கா பத்து வருடமாகச் சொன்னதை அவன் இப்போது முழுதாக நம்புகிறான். நம்பித்தான் வாங்கியிருக்கிறான். முகம் கழுவி, சட்டை மாற்றி —]

இதை முடிக்க மாட்டேன்.

மூன்றுக்குமே கதையில் இடம் இருக்கிறது. மூன்றையும் படித்துவிட்டு ஒன்றை நீங்கள் பொறுக்கிக்கொள்ளலாம். எனக்குப் பயமாக இருக்கிறது. அவனை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, பார்க்காமலே அவனைப் பற்றி இவ்வளவு எழுதியிருக்கிறேன். அவன் சட்டை என்ன நிறம் என்றுகூடத் தெரியாது.

வண்டி நின்றுவிட்டது. இரண்டாவது மாடி, இடதுபக்கக் கதவு என்று போட்டிருக்கிறது. உள்ளே விளக்கு எரிகிறதா என்று இங்கிருந்து தெரியவில்லை. மேற்கொண்டு எழுத வேண்டியதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள், நான் பேனாவை மூடிவிட்டுக் கதவைத் தட்டப் போகிறேன்.