கண்ணாடி போட்ட பெண்

டமாலென்று ஒரு சத்தம். தொடர்ந்து பால் கேன் உருண்டு போகும் ஓசை. மாடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

பால்காரர் வெளியே ஓடி வந்தார். வாசலில் அவர் மகள் குப்புற விழுந்து கிடந்தாள். கன்றுக்குட்டியின் கயிறு அவள் காலைச் சுற்றியிருந்தது. காலையில் கறந்த பால் அத்தனையும் சாக்கடையைத் தேடி ஓடிக்கொண்டிருந்தது.

“கண்ணு என்ன பின்மண்டையிலயா இருக்கு? இவ்வளவு தடிக் கயிறு தெரியல?”

எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண். முழங்கையில் ரத்தம் வந்தும் அவள் அழவில்லை. அழுதால் கூட இரண்டு அறை விழும் என்று அவளுக்குத் தெரியும்.

“நிஜமாவே தெரியல அண்ணே. அதைச் சொல்லத்தான் வந்தேன்.”

பின்னால் அவளுடைய டீச்சர் நின்றிருந்தார். கையில் ஒரு சின்னப் பெட்டி. பள்ளிக்கூடத்தில் கண் பரிசோதனை நடந்ததாம். இவளுக்குத் தூரத்தில் இருப்பது எதுவும் தெரியவில்லையாம்.

“இத்தனை வருஷமா பக்கத்துப் பொண்ணு நோட்டைப் பார்த்துத்தான் எழுதியிருக்கா. காப்பியடிக்கிறான்னு வெளிய நிக்க வச்சோம்.”

“படிப்புதான் ஏறலையே டீச்சர். இந்த மாசத்தோட நிறுத்திடலாம்னு இருக்கோம்.”

“இதைப் போட்டா ஏறும் அண்ணே. ஒரு வருஷம் மட்டும் விட்டுப் பாருங்க.”

டீச்சர் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டார். பெண் அண்ணாந்து பார்த்தாள்.

“ஐயோ டீச்சர், உங்க மூக்குல மச்சம் இருக்கு!”

டீச்சர் சிரித்துக்கொண்டே போனார். அவர் தெரு திரும்பும்வரை பால்காரரும் சிரித்துக்கொண்டுதான் நின்றார்.

“கழட்டுடி.”

“அப்பா, பெரியப்பா போட்டிருக்காரே?”

“ஆம்பளை போட்டா ஆபீசருன்னு மரியாதை குடுப்பான். பொட்டச்சி போட்டா குருடின்னுதான் சொல்லுவான். நாளைக்கு எவன்டி உன்னைக் கட்டுவான்? ஊரைக் கூட்டிக் குறையைக் காட்டணுமா?”

மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா முறத்தை மூக்கருகே தூக்கிப் பிடித்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அப்பா சொல்றதைக் கேளு. படிக்காட்டி என்ன, குடியா முழுகிடும்? எனக்கும்தான் மண்டையில ஏறலன்னு மூணாவதுலயே நிறுத்திட்டாங்க. நான் வாழலையா?”

“வாழ்ந்து கிழிச்சா! இந்த மரமண்டையைக் கட்டிக்கிட்டு நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்” என்றார் பால்காரர். அவள் சிரித்தாள். இந்த வீட்டுக்கு வாழ வந்த நாளிலிருந்து அந்தப் பேச்சுக்கு அவள் சிரித்துத்தான் வந்திருக்கிறாள்.

அவர் கண்ணாடியைப் பிடுங்கி மனைவியின் மடியில் போட்டார். “கண்காணாத இடத்துல கொண்டு போய் வை. இனிமே இவ மாட்டைப் பார்க்கட்டும்.”

அம்மா மாட்டுக் கொட்டகைக்குப் போனாள். மகள் தேம்பிக்கொண்டே பின்னால் ஓடினாள்.

“அம்மா, வேணாம்மா. வீட்டுல போட மாட்டேன். கிளாஸ்ல மட்டும் போட்டுக்கறேன். யாருக்கும் தெரியாது.”

“நான் என்னடி பண்ணட்டும்? அவர் சொன்னா சொன்னதுதான்.”

வைக்கோலுக்குள் செருகப் போனவள் ஒரு நொடி தயங்கினாள். இந்தக் கண்ணாடியில் அப்படி என்னதான் இருக்கிறது? முந்தானையால் துடைத்து, மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள்.

எதிர்வீட்டு மரத்தில் இலைகள் தனித்தனியாக ஆடின. மரம் என்றால் ஒரு பச்சை மூட்டை என்றுதான் அவள் இதுவரை நினைத்திருந்தாள். கிளையில் ஒரு காக்கை. அதற்கு மூக்குகூட இருந்தது. எதிர்ச்சுவரில் ஈரம் பூத்த கறை என்று அவள் எண்ணியிருந்தது கறையே இல்லை. பெரிய பெரிய எழுத்துகள்.

“ப...” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “ட... ம்” என்றாள்.

மகளுக்குத் தேம்பல் நின்றது. “அம்மா! அங்க இருக்கறது உனக்குத் தெரியுதா?”

அம்மா அப்படியே வைக்கோலின் மேல் உட்கார்ந்தாள்.

“வாத்தியார் குச்சியால அந்தக் கறுப்புப் பலகையைத் தட்டுவாரு. எல்லாப் புள்ளைங்களும் கத்திச் சொல்லும். நான் மட்டும் முழிப்பேன். முதுகுலயே போடுவாரு. பலகையில ஒண்ணுமே இருக்காதுடி, வெறும் கறுப்பு. எல்லாரும் மனப்பாடமா சொல்றாங்கன்னுதான் நெனைச்சேன்.”

“அம்மா...”

“ஏய், வச்சிட்டியா?” வீட்டுக்குள்ளிருந்து பால்காரரின் குரல் வந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றி மகளின் முகத்தில் மாட்டினாள். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிச் சரிசெய்தாள். தன் பார்வைக்கு மறுபடியும் மங்கிப்போன அந்த முகத்தை இரண்டு கையாலும் தன் கண்ணருகே இழுத்து, ரகசியம்போலக் கேட்டாள்.

“அப்போ... நான் மக்கு இல்லையாடி?”